இரண்டாம் வரிசையில் மூன்றாவது

பில் போடப் போன கணக்கரின் திரையில் கால்குலேட்டர் வந்து நின்றது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் கால்குலேட்டர். வெளியே அட்டைப்பெட்டி ஏற்றிய லாரி பில்லுக்காகக் காத்திருந்தது. டிரைவர் இன்னும் ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கப் போகிறவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டம், இங்க கொஞ்சம் வாங்க," என்றார் கணக்கர்.

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சம்பளக் கவரில் வேறு பெயர் இருந்தது. கூப்பிட்டதும் ஓடிவருகிற ஆள்தான். இன்று நிதானமாக வந்தார். சாப்பாட்டு இடைவேளையில் செய்து முடித்த காரியத்தின் பெருமை இன்னும் நெஞ்சில் சூடு குறையாமல் இருந்தது.

திரையில் தெரிகிற ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் ஒரு வரி, படத்தின் கீழே காட்ட வேண்டிய பெயர். இன்னொரு வரி, அழுத்தினால் ஓட வேண்டிய புரோகிராம். இந்தக் கோப்புகளைப் படித்துத் திருத்துவதற்கென்றே பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. அதை வைத்துச் சில வரிகள் எழுதி, கம்பெனியின் எல்லாக் கணினிகளிலும் ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கிவிட்டார் சிஸ்டம். கையால் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும். அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அது தானாகவே முடிந்திருந்தது.

செய்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள், பில் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பில்லக்கா ஆங்கிலப் பெயரில் குழம்பி, பில்லுக்குப் பதிலாக ஊழியர்களின் வருகைப் பதிவை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். முதலாளியம்மா சிஸ்டத்தைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தடவை குளறுபடி வந்துச்சுன்னா நான் பழைய ஆளையே கூப்பிட்டுக்கறேன்."

பழைய ஆள் என்றால், இதே நாற்காலியில் இவருக்கு முன்னால் இருந்தவர். இப்போது தனியாகத் தொழில் செய்கிறார். சிஸ்டம் இதை வீட்டில் சொல்லவில்லை. அவர் ஒரு நாள் லீவு போட்டால் கம்பெனியே படுத்துவிடும் என்று மனைவி தன் தங்கைகளிடம் சொல்லிவைத்திருந்தாள். அவள் அப்படிச் சொன்னபோது பக்கத்து அறையில் இருந்த அவர் மறுக்கவும் இல்லை.

"பில்னு தமிழ்லயே எழுதியிருக்கே, பாக்கலையா?" என்றார் கணக்கரிடம்.

"எழுத்தை யாருப்பா பாக்கறா? ரெண்டாவது வரிசையில மூணாவது. இத்தனை வருஷமா அதான் பில்."

கணக்கர் மட்டுமல்ல, பில்லக்காவைத் தவிர அந்த அறையில் எல்லாருமே இடத்தைப் பார்த்துத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது சிஸ்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. படங்கள் அகர வரிசையில் நிற்பவை. பெயர் மாறியதும் எல்லாம் இடம் மாறிவிட்டன. லாரி முதல் ஹாரனை அடித்தது.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பழைய வரிசைப்படி ஓர் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. போட்டார். ஒன்றுக்கு அடுத்ததாகப் பத்து வந்து நின்றது, பிறகு பதினொன்று. இரண்டு எங்கோ பின்னால் கிடந்தது. கணினிக்கு எண்ணும் எழுத்துதான். ஒன்றில் தொடங்குபவை எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட்டது. இப்போது கணக்கரின் விரலுக்குச் சம்பளப் பட்டியல் திறந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள். யாருக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. கிடங்குப் பொறுப்பாளர் கணக்கரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

சிஸ்டம் சம்பளப் பட்டியலை மூடினார். எண்களை எடுத்தார். பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே ஓடுகிற புரோகிராம்களை மட்டும் பழைய இடங்களுக்கு மாற்றினார். ரெண்டாவது வரிசையில் மூணாவதை அழுத்தினால் பில் வந்தது. கணக்கர் தலையை ஆட்டினார். அதே நேரம் பெயரைப் படித்து அழுத்துகிற ஒரே ஆளான பில்லக்கா, பில் என்று எழுதியிருந்ததை அழுத்தி, வந்ததைப் படிக்காமல் அச்சடித்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டார். டிரைவர் அதை இருமுறை படித்துப் பார்த்தார்.

"சார், இதுல யாரோ ஒருத்தருக்குப் பல் வலி, லீவு வேணுமாம்," என்றார். "இதைக் காட்டினா செக்போஸ்ட்ல விடுவாங்களா?"

சிஸ்டம் தன் மேசைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ஆள் இதே நாற்காலியில் சாய்ந்து சிரிப்பது போல ஒரு காட்சி வந்து போனது. பிறகு நிமிர்ந்து, இந்த முறை அவசரப்படாமல் எழுதினார். புரோகிராம்கள் தங்கள் பெயருக்கே திரும்பின. எண்களும் திரும்பி வந்தன, ஒன்பது வரைக்கும் முன்னால் ஒரு பூஜ்யத்தோடு. கூடவே ஒரு சோதனையும் சேர்த்தார்: எந்தக் கணினியிலாவது பெயர் ஒன்றாகவும் உள்ளே ஓடுவது வேறாகவும் இருந்தால் பிடித்துத் திருத்திவிடும்.

ஓட்டினார். இடம் சரி, பெயர் சரி. கணக்கருக்கும் பில் வந்தது, பில்லக்காவுக்கும் பில் வந்தது. லாரி போனது.

சோதனை ஒரே ஒரு தப்பைப் பிடித்திருந்தது. அது முதலாளியம்மாவின் கணினியில். ‘வரி விவரம்’ என்ற பெயருக்கு உள்ளே, ஏதோ ஒரு மறைவான மூலையில் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய ஆள் போட்டது. சிஸ்டத்துக்கு ரத்தம் கொதித்தது.

அம்மாவின் வரி விவரம் என்றால் கம்பெனிக்கே ஒரு மரியாதை. தினமும் வேலை முடிகிற நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரி விவரம் பார்ப்பார். அந்த நேரத்தில் கூட்டிப் பெருக்குகிற அக்காவைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது. வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தால் இந்த மாதம் வரி மிச்சம் என்று கணக்கர் சொல்வார். வாடியிருந்தால் போனஸ் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட உழைப்பாளியை இத்தனை காலம் ஏதோ ஒரு தப்பான புரோகிராமில் கண் நோக வைத்திருக்கிறான் அந்த ஆள். இப்போது சரியான வரிக் கணக்கே திறக்கும். யாரும் கேட்காமலே செய்த வேலை.

சாயங்காலம் அம்மாவின் கதவு சாத்தப்பட்டது. சிஸ்டம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நின்றார். மனைவியிடம் எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று யோசித்தார். லாரியிலிருந்தா, வரியிலிருந்தா?

வழக்கத்துக்கு வெகு முன்பே கதவு திறந்தது. அம்மாவின் முகத்தில் மலர்ச்சியும் இல்லை, வாட்டமும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்து நிற்பவரின் முகம்.

"என் மெஷின்ல நீங்க கை வச்சீங்களா?"

"ஆமாம்மா. வரி விவரத்துல தப்பா ஒண்ணு இருந்தது. எடுத்துட்டேன். இப்ப அழுத்தினா வரிக் கணக்கே வரும்."

அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"வருது," என்றார். "அந்தப் பழைய ஆளோட நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

சிஸ்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம்பரை எழுதிக் கொடுத்தார். அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அறைக்குள்ளிருந்து வாளியும் துடைப்பமுமாகக் கூட்டிப் பெருக்குகிற அக்கா வந்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்குக்கா? அம்மாவுக்கு என்ன கோபம்?"

அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"நேத்து கம்ப்யூட்டர் சீட்டாட்டத்துல வரிசையா தோத்துட்டாங்க சார். இன்னைக்கு எப்படியாவது ஜெயிச்சுடணும்னு மத்தியானத்துல இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தாங்க."