பதினாலாம் நம்பர் மழைக்கோட்டுக்குள் நின்றவள்

மூன்றாம் லயம்,
பந்தலூர்.
ஐப்பசி 12

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளாதார ஆராய்ச்சிப் பத்திரிகை நடத்திவரும் உயர்திரு பாலசுப்பிரமணியம் ஐயா அவர்களுக்கு,

காத்தாயி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், மருமகள் ரஞ்சனி, பூனை எல்லோரும் நலம். தங்கள் நலத்துக்கும், தங்கள் வீட்டார் நலத்துக்கும், தங்கள் பத்திரிகையின் நலத்துக்கும் போன வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றினேன். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் என் பேத்தி இந்துமதியின் கட்டுரையைத் தாங்கள் திருப்பி அனுப்பிய சேதி தெரிந்தது. பரவாயில்லை, ஏற்றியது ஏற்றியதுதான்.

நான் சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தத் தோட்டத்தில் ஆறாம் வகுப்பு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறந்து, கோயம்புத்தூர் போய், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரே பெண் இந்துமதி. பொருளாதாரம் என்றால் பணக்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இல்ல அப்பாயி, மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்து ஒரு பொம்பள லீவு போடுறா பாருங்க, அதுவும் பொருளாதாரந்தான்" என்றாள். அப்படியானால் நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த நானும் பொருளாதாரத்தில்தான் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து மழையைத் தாங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனியில் பிடித்தால் ஆவணியில்தான் விடும். பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையிலிருந்து தொங்கவிட்டு, இடுப்பில் படங்கு என்கிற முரட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறுகிறார்கள். தாள் காற்றில் பறக்கும், சாக்கு நனைந்து கல்லாய்க் கனக்கும். நல்ல மழைக்கோட்டு கொடுத்தால் லீவு குறையும், அதை எண்ணிக்கையில் காட்டினால் எல்லாத் தோட்டத்துப் பெண்களுக்கும் கோட்டு கொடுக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்கலாம் என்று இந்துமதி கிளம்பினாள். ஆராய்ச்சிக்கென்று கல்லூரி கொடுத்த பணத்தில் முப்பது மஞ்சள் கோட்டு வாங்கி, முதுகில் ஒன்று முதல் முப்பது வரை கறுப்பு மையில் நம்பர் போட்டு வந்தாள். பெண்களோ அறுபது பேர். அறுபது பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டின்னில் போட்டு, என்னை எடுக்கச் சொன்னாள். வயதில் மூத்தவள், நியாயமானவள் என்பதால் எடுத்தேன். பதினாலாவது சீட்டு சசிகலா. அடுத்த வீட்டுக்காரி. அவளுடைய கோழி என் மல்லிப் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து மூன்று வருஷமாக எங்களுக்குப் பேச்சில்லை. சீட்டு நனைந்திருக்கிறது, வேறு எடுக்கிறேன் என்றேன். "அப்பாயி, வந்தது வந்ததுதான். கைய எடுங்க" என்று அறுபது பேர் முன்னால் சொல்லிவிட்டாள். முப்பது சீட்டும் எடுத்தாயிற்று, ரஞ்சனி பெயர் வரவே இல்லை. அதாவது ஐயா, கோட்டு கொண்டுவந்த பெண்ணின் சொந்தத் தாய்க்குக் கோட்டு இல்லை. அன்றைக்கு ராத்திரி ரஞ்சனி மகளுக்குச் சோறு போட்ட சத்தம் இரண்டாம் லயம் வரைக்கும் கேட்டது.

எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்முவோம். இந்துமதி கோயம்புத்தூர் போய் நாலாம் நாள் விடியக்காலை ரஞ்சனி இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். திடீரென்று சசிகலா பக்கத்துச் சுவருக்கு மேலே மஞ்சளாக ஏதோ பறந்து வந்து பூனைமேல் விழுந்தது.

"இருமி இருமி எம் புள்ளைய எழுப்பாம, இதைப் போட்டுக்கிட்டு மலைக்குப் போகச் சொல்லுங்க அந்த ஊட்டுல!"

நானும் விடவில்லை. "ரஞ்சனி, கோட்டு வந்துருக்கு. சொவரு குடுத்துச்சுன்னு நெனச்சுக்க" என்றேன்.

"சொவருக்கு இருக்குற மனசு சில பேருக்கு இல்லியே!"

"கோழிய அடைச்சு வச்சா மனசு தானா வரும்!"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அதுதான் எங்கள் முதல் பேச்சு. மறுநாள் அந்தப் பக்கம் இருமல் கேட்டது, கோட்டு சுவர் ஏறித் திரும்பிப் போனது. ஒரே வாரத்தில் மூன்று லயத்திலும் இதே சங்கதி. விடியும்போது எந்தப் பக்கம் இருமுகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கோட்டு. இந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். கோட்டை யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று இந்துமதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள், அதுவும் உண்மை. விற்கக் கூடாது என்கிறாள் என்றுதான் நினைத்தோம். பக்கத்து வீட்டுக்காரி இருமிக்கொண்டிருக்கும்போது கோட்டை ஆணியில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனி முடிவதற்குள் ஒருநாள் இந்துமதி சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்தாள். கீழே ரோட்டில் நின்று மலையைப் பார்த்து முப்பது மஞ்சளையும் எண்ணினாள். எல்லாம் சரி. மேலே ஏறி வந்து, முதுகு நம்பரைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். "பதினாலு, சசிகலா அக்கா, வந்துருக்காங்க" என்று எழுதிக்கொண்டு நகர்ந்தாள். பதினாலாம் நம்பருக்குள் கோட்டின் தலைமூடியை மூக்கு வரை இழுத்துவிட்டுத் திரும்பாமல் நின்றது அவளைப் பெற்ற ரஞ்சனி. "எம்மவ எம் முதுகுல தட்டி, 'நல்லா இருக்கீங்களாக்கா'ன்னு கேட்டுட்டுப் போறா அத்தே!" என்று ரஞ்சனி கோட்டைச் சசிகலாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்கே இருமல் வந்துவிட்டது. சுவர் வழியாக உடனே கோட்டும் வந்தது.

அந்தச் சிரிப்பின் பலன் இப்போது தெரிகிறது. ஆனி, ஆடி இரண்டு மாதத்தில் கோட்டு வாங்கியவர்கள் போட்ட லீவு நூற்று முப்பத்தொன்று, வாங்காதவர்கள் போட்டது நூற்று இருபத்தொன்பது. பொய் சொல்லத் தெரியாத பெண், வந்ததை வந்தபடி எழுதிவிட்டாள்: மழைக்கோட்டால் பயன் எதுவும் தெரியவில்லை என்று. அதில் புதிதாக எதுவும் இல்லை என்று தாங்கள் திருப்பி அனுப்பினீர்கள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். "எனக்குப் பட்டம் போனாப் போகுது அப்பாயி, இதை யாராச்சும் படிச்சா இனி ஒருத்திக்கும் கோட்டு குடுக்க மாட்டாங்க" என்கிறாள்.

ஆகையால் தாங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து குறைந்ததைப் பார்க்கவில்லை. போன வருஷம் இதே இரண்டு மாதத்தில் இதே அறுபது பேர் போட்ட லீவு நானூற்றுப் பன்னிரண்டு. சூப்பர்வைசர் பாண்டியராஜிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம் இருநூற்று அறுபது. மழை குறைவாக இருந்திருக்கும் என்று தாங்கள் சொல்வீர்கள். அதற்கும் வைத்திருக்கிறேன். இதே தோட்டத்தின் மலைமேல் பகுதியான மேல் டிவிசனில் என் சம்பந்தி அன்னம் இருக்கிறாள். அங்கேயும் அறுபது பெண்கள், அதே மழை, அதே அட்டைக்கடி, ஆனால் கோட்டு கிடையாது. போன வருஷம் நானூற்று ஐந்து, இந்த வருஷம் முந்நூற்று எண்பது. அங்கே அந்த இருபத்தைந்து குறைந்தது கடவுள் செயல். அந்த இருபத்தைந்தை எங்கள் கணக்கிலும் கழித்துப் பாருங்கள், மிச்சம் குறைந்ததெல்லாம் மஞ்சள் கோட்டு. இதற்கு ஐந்தாம் வகுப்பே போதும் ஐயா.

ஆகவே தயவுசெய்து இந்துமதியின் கட்டுரையை, கடைசி வரியை மட்டும் மாற்றி, அடுத்த இதழிலேயே அச்சில் போட்டுவிடுங்கள். சட்டம் போட்டது நான்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவேண்டாம். தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் நெஞ்சில் சளி கட்டாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
காத்தாயி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் சம்பந்தி அன்னத்துக்குப் போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். "கடவுளாவது செயலாவது! ஆடி பொறந்ததும் நீதானடி ஜீப்புல ஆறு கோட்டு குடுத்தனுப்புன, மறந்துட்டியா?" என்கிறாள். பாதி மாதம் அந்த ஆறும் அங்கேதான் இருந்ததாம். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அந்த இருபத்தைந்திலும் கோட்டுக்குப் பங்கு இருக்கிறது. சத்தமாகப் படித்தது சுவர் வழியாகப் போய், சசிகலா வாசலில் பேசிக்கொண்டிருந்த இந்துமதி காதிலும் விழுந்துவிட்டது. உள்ளே வந்து கடிதத்தைப் பிடுங்கி இரண்டு தரம் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய், "உண்மையச் சொல்லுங்க, எந்தக் கோட்டு எந்தத் தேதியில எந்தச் சொவரு தாண்டுச்சு?" என்று எழுத ஆரம்பித்திருக்கிறாள். முதல் பக்கத்தில் பெற்ற தாயின் பெயர். ஆகையால் மேலே அச்சில் போடச் சொன்னதை அடித்துவிடுங்கள், சரியான கணக்கோடு அவளே புதிதாக எழுதி அனுப்புவாள். தாங்கள் திருப்பி அனுப்பியது சரிதான். சூடமும் வீண்போகவில்லை.