காயல் காட்டுபவர்

மனிதர்களில் காயல் காட்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. திருவனந்தபுரத்தில், கடலோரத்து ஏரியான ஆக்குளம் காயலைச் சுற்றி முளைத்திருக்கும் அடுக்குமாடிகளில் இந்த இனம் அமோகமாகச் செழித்து வளர்கிறது. அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் உட்காரச் சொல்ல மாட்டார், தாகத்துக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்க மாட்டார், கல்யாணப் பத்திரிகையோடு போயிருந்தால் அதைக் கையில் வாங்கக்கூட மாட்டார். உங்கள் முழங்கையைப் பிடித்து, சோபாவைச் சுற்றி, கொடியில் காயும் துண்டுகளை விலக்கி, நேரே பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போவார். முதலில் காயல். காப்பியெல்லாம் அப்புறம்.

நம் நீலகண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் ஃபைல் பார்த்து ரிட்டையர் ஆனவர். கிழக்கேகோட்டையில் அண்ணன் தம்பிகளோடு பங்கு பிரித்ததில் கிடைத்த ஒன்றரை அறையை விற்று, பி.எஃப். பணத்தையும் போட்டு, ஆறாம் மாடியில் ‘லேக் வியூ’ வாங்கினார். ஃப்ளாட் வாங்கினீர்களாமே என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. ஃப்ளாட் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவர் வாங்கியது காயலை.

பில்டர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் காயல் நீலமாக இருந்தது. அதில் இரண்டு அன்னங்கள், ஒரு பாய்மரப் படகு, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. குடிபோன பிறகு பார்த்தால் இவற்றில் ஒன்றுமே இல்லை. எதிரே தாசையன் என்பவரின் விளை. அதாவது தென்னையும் மாமரமுமாக அடர்ந்த ஒரு தோட்டம். அதன் நடுவில் ஆறாம் மாடிக்கு மேலும் வளர்ந்த ஓர் அயினி மரம். அந்த மரத்துக்கும் இடப்பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, வேட்டிக்கரை அகலத்துக்குக் காயல். அதுவும் பால்கனியில் ஒரே ஓர் இடத்தில் நின்றால்தான் தெரியும்.

"நாலாவது டைல்ஸ்ல நில்லுங்கோ. வாஷிங் மெஷின் கொழாயிலே இடது குதிகால் படணும். கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோங்கோ. போறாது, இன்னும் கொஞ்சம். ஆங்! தெரியறதோ?"

தெரிகிறது என்று சொல்லும்வரை கழுத்தை நிமிர்த்த விடமாட்டார். அனுபவஸ்தர்கள் செருப்பைக் கழற்றும்போதே "ஆஹா, பிரமாதம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார்கள். விவரம் தெரியாத ஒரு சகலை மட்டும் உண்மையாகவே எட்டிப் பார்த்து, "பச்சையா இருக்கே, கிரிக்கெட் கிரவுண்டா?" என்று கேட்டுவிட்டார்.

"அது ஆகாயத்தாமரை. அடியிலே காயலாக்கும்" என்றார் நீலகண்டன். சகலைக்கு அன்றைக்குக் காப்பி வந்து சேரவே இல்லை.

காயல் காட்டுபவரின் மற்ற லட்சணங்களையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வரும். நேற்று வந்த அதே படம்தான், ஒரு காகம் மட்டும் கூடுதலாக இருக்கும். மின்விசிறி ஐந்தில் சுழலும்போது "காயல் காத்து, கேட்டேளா!" என்பார். கொசு கடித்தால் அது காயல் கொசு, சாக்கடைக் கொசு மாதிரி கேவலமானது இல்லை. இத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருந்தும் குளிக்கவும் சமைக்கவும் டேங்கர் லாரியில்தான் தண்ணீர் வரும் என்பதை மட்டும் எந்த விருந்தாளியிடமும் சொல்ல மாட்டார்.

"காத்து வரட்டும், கொழாயிலே ஜலம் வருமான்னு மொதல்ல அசோசியேஷன்ல கேளுங்கோ" என்பாள் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி. அந்த வீட்டில் காயலை ஒரு தடவைக்கு மேல் பார்க்காத ஒரே ஜீவன் அவள். அவளுக்கு அந்த வீட்டில் பிடித்தது லிஃப்ட்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் போன மழைக்காலத்தில் அயினி மரம் புதிதாக ஒரு கிளை விட்டது. எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்களா? வேறு எந்தப் பக்கம் விடும்? வேட்டிக்கரை ரிப்பன் ஆயிற்று, ரிப்பன் நூலாயிற்று. நீலகண்டனுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் தம்பிகள் வேண்டாம் என்று தடுத்ததையும் மீறி, வாழ்நாள் சம்பாத்தியத்தையெல்லாம் அந்தக் கீற்றில்தான் கொட்டியிருக்கிறார். அது போய்விட்டால் அவரிடம் மிஞ்சுவது வெறும் ஃப்ளாட்தான்.

விளைக்கு இறங்கிப் போய்த் தாசையனிடம் கேட்டார். தாசையன் பாறசாலைப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து, தேங்காய் வியாபாரத்தில் சம்பாதித்து அந்த நிலத்தை வாங்கியவர்.

"அது காய்க்கிய மரமாக்கும் சாமி. அதுக்க கையை எதுக்கு வெட்டணும்?"

"காயலை மறைக்கறது, தாசையா."

"காயல் எங்கயும் போவாதே. அங்கனதானே கெடக்கு."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? நீலகண்டன் தோற்கவில்லை. தாசையன் காயலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மனம் இளகாமலா போகும்? மறுநாளே மேலே அழைத்தார். தாசையன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்தார். முழங்கை பிடிக்கப்பட்டது, நாலாவது டைல்ஸ் காட்டப்பட்டது, கழுத்து சாய்க்கப்பட்டது.

ஆனால் தாசையன் கீற்றைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் விளையைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அதில் நடந்தவர், மேலிருந்து அதை அன்றைக்குத்தான் பார்க்கிறார். விளை முடிகிற இடத்தில், ஒரு சின்ன ஓட்டு வீட்டைத் தாண்டி, காயலை முழுக்க மறைத்து நின்றவை அவருடைய மரங்கள்தான்.

"சாமி, எனக்க விளையில இதே பொக்கத்துல, இதே ஒசரத்துல நின்னா முழுசாத் தெரியுமோ?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பேச்சை மாற்றியிருப்பார்கள். காயல் காட்டுபவரால் அது முடியாது.

"பின்னே! ஒமக்கு ஒரு தடையும் கெடையாதே! காலம்பற கண்ணைத் தொறந்தா காயலாக்கும்!"

தாசையன் காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். கிளையை வெட்டச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறாதவர். அடுத்த வாரம் கிளை போயிற்று. அதற்கடுத்த வாரம் மரமே போயிற்று. பிறகு மா, பிறகு தென்னை எல்லாம் போய், விளை மொட்டையாயிற்று.

நீலகண்டனுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! முழுக் காயல்! எந்த டைல்ஸில் நின்றாலும் காயல்! சொந்தக்காரர்களையெல்லாம் ஒன்று விடாமல் அழைத்து, கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து, சகலையைக்கூட மன்னித்து, பதினேழு நாள் கொண்டாடினார்.

பதினெட்டாம் நாள் விளையைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். அதன்மேல் ஒரு பெரிய போர்டு. அதில் இரண்டு அன்னங்கள், ஒரு பாய்மரப் படகு, பதினான்கு மாடி. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: ‘கண் திறந்தால் காயல்!’

"உங்க வாய்லேந்து வந்ததை அப்படியே எழுதிட்டான் பாருங்கோ" என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஸ்லாப் மேல் ஸ்லாபாக அது வளர்ந்தது. "சீக்கிரம் வாங்கோ, இன்னும் ரெண்டு ஸ்லாப் வரைக்கும் தெரியும்" என்று நீலகண்டன் எல்லாருக்கும் ஃபோன் செய்தார். ஏழாவது ஸ்லாப் போட்ட அன்று பால்கனிக்கு எதிரே ஈரச் சிமென்ட் மட்டும்தான் இருந்தது. அவர் துண்டுகளுக்குப் பின்னால் நின்று அழுதார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கட்டடம் முடிந்ததும் ஒருநாள் தாசையனிடமிருந்து அழைப்பு. நிலத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டாம் மாடியில் அவருக்கு இரண்டு ஃப்ளாட் கிடைத்திருந்தது. நீலகண்டனும் அனந்தலக்ஷ்மியும் போனார்கள். கதவு திறந்தது. தாசையன் உட்காரச் சொல்லவில்லை. நீலகண்டனின் முழங்கையைப் பிடித்தார்.

"மொதல்ல இங்கன வாங்க சாமி. காப்பி அப்பறம் குடிக்கலாம்."

பார்த்தீர்களா, இந்த இனம் எப்படிப் பெருகுகிறது என்று?

முழுக் காயலையும் கண்ட நீலகண்டனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தாசையனின் இரண்டாவது ஃப்ளாட்டைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், ஆறாம் மாடியை விற்றுவிடுவதாகவும் அங்கேயே சொல்லிவிட்டார். அனந்தலக்ஷ்மி குழாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தாள்.

"ஆனா சாமி, ஒரு காரியம்" என்று தாசையன் கீழே கை காட்டினார். கட்டடத்துக்கும் காயலுக்கும் நடுவே அந்தச் சின்ன ஓட்டு வீடு, இரண்டு ஆடு, கொஞ்சம் வாழை. "அது சரசம்மாவுக்க எடம். யாரு கேட்டாலும் விக்கமாட்டா. காயலைக் கண்ணெடுத்தும் பாக்கமாட்டா. அவகிட்ட மட்டும் காயலைப் பத்தி ஒண்ணும் மிண்டப்படாது, கேட்டீங்களா. நீங்க காட்டித்தானே எனக்குத் தெரிஞ்சிது!"

"நான் என்ன சின்னக் குழந்தையா? வாயைத் தொறக்கமாட்டேன்" என்று நீலகண்டன் சத்தியம் செய்தார்.

பத்திரம் பதிவாயிற்று, பால் காய்ச்சியாயிற்று. மூன்றாம் நாள் காலை, நடைக்குப் போன தம்பதியைச் சரசம்மா வேலியோரமாக நிறுத்தினாள். ஆட்டுக்குப் பலா இலை கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "சாரே, எப்பவும் மேலே நின்னு நோக்குந்நல்லோ. அவிட என்ன அத்தர காணான்?" என்று மலையாளமும் தமிழுமாய்க் கேட்டாள். எப்போதும் நின்று பார்க்கிறீர்களே, அங்கே அப்படி என்னதான் தெரிகிறது என்கிறாள்.

அனந்தலக்ஷ்மி அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். நீலகண்டன் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆட்டைப் பார்த்தார். வாழையைப் பார்த்தார். தாசையனிடம் செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டார். ஆடு ஒரு பலா இலையைத் தின்று முடிக்கிற நேரம் தாங்கினார்.

பிறகு வேலியைத் தாண்டிக் கையை நீட்டி, சரசம்மாவின் முழங்கையைப் பிடித்தார்.

"சேச்சி, ஒரு தடவை மேலே வந்துதான் பாருங்கோளேன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து காயல் தெரியாது என்ற தைரியம் உங்களுக்கு. கோபுரம் தெரியலாம், மலை தெரியலாம், பக்கத்து மனையின் மாமரம் தெரியலாம். ஒன்றும் இல்லாவிட்டால் சமையலறையில் புதிதாகப் போட்ட அலமாரியாவது இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தவரைக் கேட்டுப் பாருங்கள், அவருடைய முழங்கை இப்போது எப்படி இருக்கிறது என்று.