நாலாவது வீட்டுக்கு டெல்லி வழி

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
ஆடி 5

அருப்புக்கோட்டை மச்சான் முத்துராமலிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்கியலக்ஷ்மியின் கணவன் ராசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் நலம். அங்கே வெயிலும் நீங்களும் நலம்தானே? மே மாதம் வந்தபோது நீங்கள் பின்பக்கம் போட்டுக் கொடுத்த துவைகல்லில் தங்கை தினமும் உங்களை வாழ்த்திக்கொண்டே துணி துவைக்கிறாள்.

நிற்க. எங்கள் வாசல் ஓடையின் மூடிக்கல் காணாமல் போனதைப் போனில் சொன்னேனே, அது இன்னும் தீரவில்லை. மழைக்கு முன்னே தூர்வாரக் கல்லையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்தார்கள். திரும்ப மூடும்போது ஒரு கல் குறைகிறது, அது என் வாசல் கல். நான் இரண்டு முறை உள்ளே விழுந்தேன், அது போகட்டும். மகள் மகாவுக்கு ஏழாம் மாசம். "வாசல்ல குழிய வெச்சுக்கிட்டு பிள்ளைய அழைக்க வராதீங்க" என்று சம்பந்தியம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். நீங்கள்தான் "கலெக்டர்கிட்ட மனு குடுங்க மாப்பிள்ளை, ஜில்லாவுக்கே அவர்தான் ராஜா" என்றீர்கள். நம்ம ஊர் வழக்கப்படி திங்கட்கிழமை பார்த்துக் காக்கநாடு கலெக்டர் ஆபீசுக்குப் போனால், கிளார்க் அம்பிளி, "சேட்டா, கலெக்டர் சர்க்கார் ஆளு. ஓடை கோர்ப்பரேஷனோடதாணு. உங்க கவுன்சிலர்கிட்ட பறஞ்சா போதும்" என்கிறார். கவுன்சிலர் ஷைலஜா எங்களுக்கு நாலாவது வீடு. ஆனால் தேர்தலில் எதிர்க்கட்சிக்குக் கொடி கட்டியவன் நான், எந்த முகத்தோடு போய் நிற்பேன்? ஜில்லா பஞ்சாயத்துக்குப் போனேன். "நாங்க கிராமங்களுக்கு மாத்ரம். பட்டணத்துக்காரங்க எங்களுக்கு ஓட்டே போடுறதில்லையே" என்று சிரித்தார்கள். விடுவேனா? உங்கள் மகன் அருண்பாண்டியைப் பிடித்து டெல்லிக்கே கம்ப்யூட்டரில் மனு போட வைத்தேன். 'உள்ளாட்சி மாநிலத்தின் பாடு' என்று டெல்லி திருவனந்தபுரத்துக்குத் தள்ள, அது ஜில்லாவுக்குத் தள்ள, ஜில்லா கார்ப்பரேஷனுக்குத் தள்ள, இன்று காலை அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார் ஷைலஜா!

"ராசப்பண்ணா, நாலு வீட்டுக்கு டெல்லி சுத்தியா வர்றது? ஜன்னல் வழியா ஒண்ணு விளிச்சா போதாதா?"

வெட்கத்தோடு குழியைக் காட்டினேன். புதுக்கல்லுக்கு எஸ்டிமேட் போட்டு வர ஒரு மாசமாகுமாம். அதுவரை என் பிள்ளை எங்கே இருப்பாள்? கல்லைத் தூக்கிப் போன களவாணிப் பயல் விளங்குவானா? அவன் வீட்டு வாசலிலும் குழி விழ!

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. பேரப்பிள்ளை பிறந்த சேதி முதலில் உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
ராசப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ஷைலஜா அளவெடுக்க மறுபடி வந்தார். சாயா குடித்துக்கொண்டே பின்பக்கம் போனவர், நீங்கள் போட்ட துவைகல்லையே உற்றுப் பார்த்தார். ஓரத்தில் பெயிண்டில் வார்டு நம்பர். "நீங்க கடைக்குப் போயிருந்தப்ப, அனாதையா கெடந்துச்சுன்னு அண்ணன்தான் ரெண்டு ஆளை வெச்சுத் தூக்கிட்டு வந்துச்சு" என்கிறாள் உங்கள் தங்கை. பத்து நிமிஷத்தில் கல் வாசலுக்குப் போய்விட்டது. மகா நாளைக்கு வருகிறாள். மேலே விட்ட சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், மச்சான். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்க வரும்போது கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். நாலாவது வீடுதான், டெல்லி போக வேண்டாம்.