அத்தையின் ஜரிகையில் சிக்னல் இல்லை

ஒயர் இல்லாமல் பாட்டுக் கேட்பது என்றால், ஒயர் கிடந்த இடத்தில் வீட்டு மனிதர்களை நிற்க வைப்பது என்று அர்த்தம். இப்போது வருகிற ஸ்பீக்கர்களைச் சொல்லவில்லை (அவையும் ஒழுங்கில்லை, அது தனிப் புலம்பல்). நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில், ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை.

என் கம்ப்யூட்டர் மாடி அறையில் இருந்தது. பெரிய ஸ்பீக்கர்கள் வைத்த மியூசிக் செட் கீழே ஹாலில். படிக்கட்டு வழியாக ஒயர் இழுத்து இரண்டையும் இணைத்திருந்தேன். ஒரு நாள் அம்மா அதில் கால் தடுக்கி, கையிலிருந்த காபியை ஒரு மாம்பழ நிறப் பட்டுப் புடவைக்கு அபிஷேகம் செய்துவிட்டார். அப்பா பட்டுப் புடவை வியாபாரி. அந்தப் புடவையை அப்போதுதான் ஒருவருக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே தரையில ஒரு ஒயரப் பார்த்தேன், உன்னையும் சேத்து சுருட்டி வெளிய போட்ருவேன்" என்றார்.

சென்னைக்குப் போய்த் தீப்பெட்டி அளவில் ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி வந்தேன். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் குட்டி வானொலி நிலையம் மாதிரி பாட்டை ஒலிபரப்பும். கீழே செட்டில் எஃப்.எம். வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். "சி.டி. குவாலிட்டி சார்" என்றார் கடைக்காரர். வீட்டில் வந்ததோ, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். அதற்குள் எங்கோ ஒரு வயலின் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

எனக்கோ துல்லியமாகக் கேட்காவிட்டால் சோறு இறங்காது (கேட்டாலும் நன்றாகத்தான் இறங்கும், அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு கெத்து). ஆன்டெனாவை நீட்டினேன், மடக்கினேன், செட்டையே திருப்பி வைத்தேன். இரைச்சல் அடங்கவில்லை. அப்பா ஃபிரிட்ஜ் அருகே போய்த் தண்ணீர் குடித்தார். சட்டென்று பாட்டு தெளிந்தது.

"அப்பா, அங்கயே நில்லுங்க!"

"எவ்ளோ நேரம்டா?"

"பாட்டு முடியற வரைக்கும்."

அன்று முதல் எங்கள் ஹாலில் யாருக்கும் சுதந்திரமாக நடமாட உரிமை இல்லை. அம்மா காய் நறுக்கும் இடத்தையே மாற்றி வைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் என் அக்கா சுமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். செய்யாற்றில் சொந்தமாகப் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிற குடும்பம். அக்கா அந்தப் பையனை ஒரு கல்யாணத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தோ பாரு, இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பொட்டியத் தொடாத. உன்னால இந்த எடம் போச்சுன்னா, சும்மா வுடமாட்டேன்."

"மங்கல இசை வேணாமா?"

"வேணாம்."

போட்டேன். சளி பிடித்த நாதஸ்வரம் ஹாலில் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்க, ஜரிகைக் கரை போட்ட தன் விசேஷப் பட்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தட்டோடு அம்மா செட் பக்கம் வந்தார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை! என் மூளையில் விளக்கு எரிந்தது. ஜரிகை உலோகம்தானே? அம்மா உடம்பு முழுக்க ஆன்டெனா அல்லவா சுற்றியிருக்கிறார்!

அம்மா தட்டை வைத்துவிட்டு நகர்ந்தார். அதே இடத்திலிருந்த நாற்காலிக்கு மாப்பிள்ளையின் அம்மா மாறி உட்கார்ந்தார். அவருடைய கரை இன்னும் அகலம். ஆனால் மறுபடியும் தோசைக்கல்.

"இன்னா தம்பி, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டார், பாவம், அன்பாகத்தான்.

"ரேடியோ நல்லாதாங்க கீது அத்தை. ஜரிகை அசலா இருந்தா சிக்னல் சூப்பரா எடுக்கும். நீங்க கொஞ்சம் அந்தாண்ட உக்காந்துக்குங்க, அம்மா இங்க வரட்டும்."

வேறு ஊராக இருந்தால் பையனுக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். இது ஆரணி. பட்டுக் கடைக்காரரின் மனைவியைப் பார்த்து, உன் புடவையில் இருப்பது போலி ஜரிகை என்று பட்டு வியாபாரி வீட்டுப் பையன் சொல்லிவிட்டான். மாப்பிள்ளையின் அப்பா பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்ற அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்போ என் பொடவ டூப்ளிகேட்டுன்றியா?"

அத்தை முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினார். அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும். இருந்தது.

"செகப்பா கீதா? வாயத் தொறந்து சொல்லு!"

"கீதுங்க."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல என் பொடவய சொரண்டிக் காட்ட வச்சிட்டீங்களே!" என்று அவர் எழுந்தே விட்டார்.

அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு இன்னாங்க தெரியும் அண்ணி? இந்தாங்க, என்னுதையும் பாருங்க. ரெண்டும் ஒன்னுதான்."

"அதெல்லாம் எதுக்கு இப்போ, பேஜாரு!" என்று அப்பா அவசரமாகக் குறுக்கே பாய்ந்தார். அந்த அவசரம் எனக்குப் புரிவதற்குள் அம்மா இழையை உருவிச் சுரண்டிவிட்டார்.

உள்ளே வெள்ளை நூல். பளீரென்று வெள்ளை.

அம்மா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "அசல்னு சொல்லித்தான குடுத்தீங்க? இத்தினி வருஷமா ஊர் முழுக்க பெருமையா கட்டிகினு திரிஞ்சேனே!"

விற்காமல் தங்கிய சரக்கை வீட்டுக்குத் தள்ளிவிட்ட எங்கள் பட்டு வியாபாரி, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அக்கா நேரே வந்து, ஒரு கையில் தட்டைத் தாங்கியபடி மறு கையால் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஒக்காருங்க அத்தை, காபி ஆறிடும்" என்றாள்.

அத்தை அவளைப் பார்த்தார். அம்மாவின் வெள்ளை நூலைப் பார்த்தார். உதடு துடித்து, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டார். "வுடுங்க சம்மந்தி. எங்க வூட்லயும் கடையில போவாததுதான் நமக்குன்னு எடுத்துகினு வருவாரு. நான் சொரண்டிப் பாத்துட்டுதான் கட்டுவேன்."

சம்மந்தி என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்கும்தான், ஆனால் உயிர் வந்ததும் முதல் வேலையாக என்னைக் கிள்ளினாள்.

சிக்னலுக்கும் ஜரிகைக்கும் சம்பந்தமே இல்லை, ஆள் எங்கே இருக்கிறார், நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் கணக்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டில் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. கல்யாண ஜவுளியில் முதலில் எடுத்தது அம்மாவுக்குத்தான். கடைக்காரர், அப்பா என்று எல்லார் முன்னாலும் அம்மா தன் கையாலேயே சுரண்டிப் பார்த்து வாங்கினார்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் ஒயர் இல்லாத புது ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். இரண்டாவது பாட்டிலேயே விட்டு விட்டு விக்க ஆரம்பித்தது.

"தம்பி, நான் எழுந்துக்கட்டுமா?" என்றார் அத்தை.

"நீங்க இருங்க சம்மந்தி. என் புதுசும் எடுக்காது" என்றார் அம்மா. "அவரு வாங்கிக் குடுத்த பழசு பீரோவுல கீது. அதான் எடுக்கும்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.