ஏழாம் ரூமின் ஒழுக்கம்

ஒழுக்கம் என்பது பெண்களிடமிருந்து தூரமாக நிற்பது. இருங்காட்டுக்கோட்டையில் இருந்த ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஹாஸ்டல் விதி அப்படித்தான் சொன்னது. வார்டன் தசரதன் அந்த விதிக்காகவே பிறந்தவர். எவனாவது காயின் போனில் சிரித்துப் பேசினால், ரிசீவரைப் பிடுங்கித் தானே கேட்பார். பெண்குரல் என்றால் அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சொந்த அக்கா குரலுக்கே ஒருத்தன் வெளியேறினான்.

ஒரு தடவைகூட மாட்டாதவர்கள் ஏழாம் ரூம்காரர்கள். ஒருவன் நாங்குநேரிப் பக்கத்துச் சுடலை, மற்றவன் மணிமங்கலத்துக் கோபால். பஸ் ஸ்டாப்பில் எத்தனை பெண்கள் நின்றாலும் சுடலை திரும்பமாட்டான். கோபால் எந்த பஸ்ஸில் வருகிறான் என்று பார்ப்பதற்கே அவனுக்குக் கண் போதாது. ரூமில் இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

"அடடா, இடமிச்சம்!" என்று தசரதன் போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஹாஸ்டலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆனால் ஒருத்தனும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்போது கம்பெனியில் ஜப்பான் மோகம். ஒரு உற்பத்தி லைனில் நல்ல பழக்கம் இருந்தால் எல்லா லைனுக்கும் அதைப் பரப்ப வேண்டுமாம். ஆகவே ஒழுக்கத்தைப் பரப்பும் பொருட்டு, சுடலை இங்கே, கோபால் ஒரகடம் ஹாஸ்டலுக்கு என்று உத்தரவு வந்தது.

சுடலைக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாடா, இப்டி குந்திகினு கீற? வா, போய் சொல்லிடலாம்," என்றான் கோபால்.

"என்னன்னுலே சொல்ல? இதுக்கு ஒரு பேரே கெடையாதே!"

"பேரு இன்னாத்துக்கு? கீறத சொல்லு."

ஆபீஸில் தசரதனோடு எச்.ஆர். மேனேஜர் உச்சிமாகாளியும் இருந்தார். இருவருக்கும் ஆகாது, டீ கூட வேறு வேறு கடையில். மூலகாரணம் கிடைக்கும்வரை "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போவதும் ஜப்பான் முறைதான். தசரதன் ஆரம்பித்தார்.

"நீங்கள் பெண்களைப் பார்ப்பதில்லை. ஏன்?"

"தோணல சார்."

"ஏன் தோணல?"

"இவன் இருக்காம்லா."

"இவன் இருந்தா? அதனால ஏன்?"

"இவனைத்தான் புடிச்சிருக்கு சார்."

சுடலை சொல்லிவிட்டான். வேலை, ரூம், கோபால் எல்லாமே இப்போது தசரதனின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

தசரதன் விதிகளைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பெண், பெண், பெண். இது மட்டும் எங்கேயும் இல்லை.

"இவ்விவகாரத்தில் பெண் எவரேனும் சம்பந்தப்பட்டுள்ளாரா?"

"சத்தியமா இல்ல சார்," என்றான் கோபால்.

"அப்படியானால் குற்றம் நிகழவில்லை. மாறாக, மூலகாரணம் கிடைத்துவிட்டது!"

மறுநாளே சர்க்குலர் வந்தது: 'ஏழாம் ரூம் பிரிக்கப்படலாகாது. ஏனைய ரூம்வாசிகளும் ஒருவர்மீது ஒருவர் அவ்வண்ணமே பிரியம் கொள்ளக் கடவர். அதிகாரிகள் முன்மாதிரியாகத் திகழ வேண்டும்.'

"டேய், சாயங்காலம் இன்ஸ்பெக்ஷன்டா. எம்மேல கொஞ்சம் பிரியம் வையேன்!" என்று, அன்றைக்கு வாயைப் பொத்திச் சிரித்தவர்களெல்லாம் கெஞ்சித் திரிந்தார்கள். தசரதனும் உச்சிமாகாளியும் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரே ரூமுக்குக் குடிபோனார்கள்.

மாதங்கள் ஓடின. ஒழுக்கம் பெருகியதைப் பாராட்டி, தசரதனுக்குப் பதவி உயர்வோடு வாலாஜாபாத் கிளைக்கு மாற்றல் வந்தது. அன்று சாயங்காலம் அவர் ஏழாம் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பிகளா, இந்த மாற்றலை எப்படியாவது நிறுத்தணும்."

"ஏன் சார்?"

தசரதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உச்சிமாகாளி சாரைக் காலையில எழுப்பிவிட வேற ஆள் இல்லப்பா. இது முழுக்க முழுக்க நிர்வாகக் காரணம்."