முப்பத்தெட்டுக்குள் போகாத தோட்டா

பேசாலை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்களுக்கும் அச்சுக்கூடத்தாருக்கும் மடு மாதா நல்ல சுகத்தைத் தருவாராக. நானும் சுகமே, ஒரு பகல் முழுக்கப் பொலிசில் இருந்ததைத் தவிர.

எனது துப்பறியும் தொடரின் ஏழாம் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பி, 'பொயின்ற் முப்பத்தெட்டு றிவோல்வருக்குள் பொயின்ற் முன்னூற்றைம்பத்தேழு தோட்டா போகாது' என்று சிவப்பு மையில் குறித்திருந்தீர்கள். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து இளைப்பாறிய எனக்குக் கணக்குத் தெரியாதா? அங்குலத்தில் நூறில் முப்பத்தெட்டுப் பங்கை விட முப்பத்தைந்து புள்ளி ஏழு பங்கு சிறியது, சிறியது பெரியதற்குள் கலகலவென்று போகத்தானே வேண்டும்? இதற்கு ஒரு முடிவு காணாமல் விடுவதில்லை என்று நேரே றொட்னியின் இரும்புக் கடைக்குப் போனேன்.

"தம்பி, ஒரு அங்குலத்தை நூறாப் பிரிச்சா முப்பத்தெட்டுப் பங்கு எவ்வளவு தடிப்பு வரும்? அளந்து காட்டும்."

"என்னத்துக்கு அண்ணை?"

"தோட்டாவுக்கு."

கடையில் நின்ற சனம் ஆணியையும் வாங்காமல், மிச்சக் காசையும் வாங்காமல் வெளியேறியது. நான் அளந்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் காலை சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்து, "ஐயா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றார்கள். நான் கதை எழுதுகிறவன் என்று சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பயத்தில் இடுப்புச் சாரம் நழுவியது, ஆனாலும் அந்தத் தோட்டாச் சந்தேகம் மட்டும் மனதை விட்டு நழுவவில்லை. என் மனைவி ஜெனிற்றா ஆறு அத்தியாயங்களையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சேர், இந்த மனுசனுக்கு ஒரு எலியை அடிக்கவும் ஏலாது. கொலையெல்லாம் கடதாசியிலதான்!"

தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்து வாசித்தார். இடையிடையே சிரித்தார். சிரிக்க வேண்டிய இடங்கள் அல்ல அவை. வாசித்து முடித்ததும், "சரி, வீட்டை போங்கோ" என்றார். நான் எழும்பவில்லை.

"சேர், போகுமா, போகாதா?"

"போகாது. ரெண்டிலயும் முன்னால பாயிற சன்னம் ஒரே தடிப்பு. முப்பத்தெட்டு எண்ட பேர், பழைய காலத்தில மருந்து அடைக்கிற கோதின்ர வெளிப்பக்கத்தை அளந்து வைச்சது. முன்னூற்றைம்பத்தேழு எண்டது சன்னத்தின்ர உண்மையான அளவு. ஆனா அதின்ர கோது நீளம் கூடினது, அதாலதான் முப்பத்தெட்டுக்குள்ள முழுசா இறங்காது. முப்பத்தெட்டுத் தோட்டா மற்றதுக்குள்ள போகும்."

"அப்ப பொயின்ற் முன்னூற்றெண்பது தோட்டா?"

"அது ஒன்பது மில்லிமீற்றர், கோது இன்னும் கட்டை."

"ஒரே தடிப்புக்கு ஏன் சேர் இத்தனை பேர்?"

"பேர் வைச்சவனைப் போய்க் கேளுங்கோ. அம்மா, இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ!"

ஆகவே ஆசிரியரே, தாங்கள் சொன்னதே சரி. கதாநாயகியின் கையில் இப்போது முன்னூற்றைம்பத்தேழு றிவோல்வரையே கொடுத்து, முப்பத்தெட்டுத் தோட்டாவைப் போட்டிருக்கிறேன். பொலிசார் வாயால் கேட்டுத் திருத்திய அத்தியாயம் இது. திருப்பி அனுப்பினால் நானும் திருப்பி அனுப்புவேன்.

தங்கள் குடும்பம் தழைக்க வேண்டும் என்ற செபத்துடன்,
ம. றெனால்ட்

பி.கு: கடித உறையை ஒட்ட முன் ஜெனிற்றா வாசித்துப் பார்த்தாள். கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்திலேயே றிவோல்வரைத் தலைமன்னார்க் கடலில் எறிந்துவிட்டாளாம். எனவே ஏழாம் அத்தியாயத்தில் கத்தி. கத்தியைப் பற்றித் தயவுசெய்து சிவப்பு மையில் ஒன்றும் எழுதாதீர்கள்.