எக்ஸ்ட்ரா சார் இழுத்த கப்பு

துறைமுகம் இல்லாவிட்டாலும் தூத்துக்குடிக்குக் கப்பல் எப்படியாவது வந்து சேர்ந்திருக்கும். எக்ஸ்ட்ரா சார் இல்லாவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு காற்றாடிகூடப் பறந்திருக்காது. எழுபதுகளில் அந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் படித்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். அல்ஜிப்ரா மறந்து போயிருக்கும், சாரின் விசில் சத்தம் மறந்திருக்காது.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பாடத்தைத் தவிர்த்து மீதி அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. நாடகம், சாரணர், பாண்டு, பேச்சுப் போட்டி, கத்தரித் தோட்டம் எல்லாம் அவர் தலையில். அதனால் எக்ஸ்ட்ரா சார். கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் சேர்ந்தே தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட பிரசங்கத்தின் நடுவே கண் அயர்ந்துவிட்டவர், திடுக்கிட்டு விழித்து, ஜெபமாலையை முத்தமிடுவதாக நினைத்து விசிலை ஊதிவிட்டார். கோயில் மொத்தமும் எழுந்து நின்றது. சாமியார் பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டார். அதற்காக ஊரே சாரை ரொம்ப நாள் வாழ்த்தியது.

"ஏலே, பாடம்தாம்லே எக்ஸ்ட்ரா. நாலு மணிக்கு மேலதான் பள்ளிக்கூடமே ஆரம்பிக்கி" என்பார். சொன்னபடி நாலு மணிக்கு விசில் ஊதும். நாங்கள் புத்தகப் பையை வீசிவிட்டு மைதானத்துக்கு ஓடுவோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் அவர் தொட்ட எதுவும் ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. மில்லர்புரம் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் சாரணர்களுக்குத் திசை கண்டுபிடிக்கும் பயிற்சி கொடுத்தார். திசைகாட்டி அவர் கையில்தான் இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஓர் உப்பு லாரிக்காரர் பாவம் பார்த்து எங்களை மூட்டைகள்மேல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். "லாரியை நிறுத்துததும் ஒரு பயிற்சிதாம்லே" என்றார் சார்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்களும் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவர வேண்டும். பொன் பெட்டியைக் காணோம். மூன்றாவது ராஜா மிக்கேல் கடற்கரைத் தெருப் பையன், சமயோசிதக்காரன். வீட்டுக்கு ஓடி, ஒரு முழுச் சீலா மீனைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்துவிட்டான். பின்னாலேயே தெருவிலிருந்த பூனைகளும் மேடையேறின. இடையர்களாக நடித்தவர்கள் ஆடுகளை விட்டுவிட்டுப் பூனை விரட்ட வேண்டியதாயிற்று.

தலைமையாசிரியர் ஃபாதர் கணக்கில் புலி. மறுநாள் அசெம்பிளியில் சாரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு அறிவித்தார். "பள்ளிக்கூடங்களுக்கான விளையாட்டு விழா இந்தத் தடவை நம்ம மைதானத்துல நடக்கு. ஒரே ஒரு கப்பாவது நமக்கு வரணும். வரலேன்னா நாலு மணிக்கு மேல விளையாட்டு, நாடகம் ஒண்ணும் கிடையாது. எல்லாருக்கும் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். நானே எடுப்பேன்."

சார் முகத்தைப் பார்த்தேன். விசிலைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் நடந்து போனவருக்கு அருள் வந்துவிட்டது. அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் கயிற்றைக் கரையில் நின்று வரிசையாக இழுப்பார்கள். வரிசையில் மிக்கேலும் எங்கள் வகுப்புப் பையன்கள் சிலரும் இருந்தார்கள்.

"ஏலே! கப்பு இங்கனல்லாலே கிடக்கு!" என்று சார் போட்ட சத்தத்தில் ஒரு கிழவர் கயிற்றையே விட்டுவிட்டாராம்.

கயிறு இழுக்கும் போட்டிக்கு எட்டுப் பேர் வேண்டும். கடற்கரைப் பையன்கள் ஏழு பேர் சேர்ந்தார்கள். எட்டாவது ஆள் நான். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவன். விடுதிச் சாப்பாட்டிலும் உடம்பு ஏறிய ஒரே பையன் என்பதுதான் என் தகுதி. பயிற்சிக்கு எதிரணி கிடைக்காததால் பூவரச மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தோம். தம் பிடித்து ஒரே நேரத்தில் இழுப்பதற்காகச் சார் மீன் பெயர்களைக் கூவுவார். "சாளை!" என்றால் லேசான இழுப்பு. "பாறை!" என்றால் இன்னும் கொஞ்சம். "சீலா!" என்றதும் நல்ல விலை போகிற மீனாயிற்றே, பையன்கள் உயிரைக் கொடுப்பார்கள். மரம் அசையவில்லை. "மரத்தோட பெலம் உங்களுக்கு வந்துட்டுலே" என்று சார் தைரியம் சொன்னார்.

விழாவன்று ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாவற்றிலும் நாங்கள் மண்ணைக் கவ்வினோம். மிச்சம் இருந்தது கயிறு ஒன்றுதான். எதிரணி பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஒவ்வொருவனும் கோட்டை வாசல் அகலம். முன்வரிசையில் ஃபாதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சாக்பீஸ் இருந்ததாக எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்.

மூன்று இழுப்பில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பில் "சீலா!" என்ற கூவலுக்கே எதிரணி நகர்ந்து வந்துவிட்டது. நாங்கள் பின்னால் போகிறோம், ஜெயிக்கப் போகிறோம். அப்போதுதான் வரிசையின் கடைசியில் நின்ற மிக்கேல் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடினான். கரைவலையில் அதுதான் முறை. பின்னால் நகர்ந்து நகர்ந்து மேட்டுக்குப் போய்விட்ட கடைசி ஆள், தண்ணீர் ஓரத்துக்கு ஓடி மறுபடி முதல் ஆளாகக் கயிற்றைப் பிடிப்பான். பூவரச மரம் நகராததால் பயிற்சியில் இது யாருக்கும் தெரியவில்லை. மிக்கேல் ஓடியதும் அடுத்த கடைசி ஆள் ஓடினான். அவனைப் பார்த்து அடுத்தவனும் ஓடினான். முன்னால் கயிற்றைப் பிடிக்க இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எதிரணி எங்களை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு போயிற்று.

நாசரேத் ஊரிலிருந்து வந்திருந்த டிரில் மாஸ்டர்தான் நடுவர். "என்ன சார், இது கயிறு இழுக்குததா, ரிலே ரேஸா?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சார் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக் கடைசிக்குத் தள்ளினார். "நீ விளாத்திகுளத்தான். நின்னா நின்ன எடம்தான். உனக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. பின்னால நில்லுலே." வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அதுதான்.

இரண்டாவது இழுப்பில் நான் கயிற்றை முதுகோடு சுற்றிக்கொண்டு நின்றேன். கடைசி ஆள் ஓடவில்லை, அதனால் யாரும் ஓடவில்லை. இரண்டாவது சீலாவில் ஜெயித்தோம். நடுவர் வேகமாக வந்தார்.

"கோச் சத்தம் போட்டு இழுக்கச் சொல்லக் கூடாது சார்."

"நான் எங்க சார் இழுக்கச் சொன்னேன்? வீட்டுல மீன் வாங்கிட்டு வரச் சொன்னாவ. மறந்துரக் கூடாதுன்னு சொல்லிப் பாக்கேன்."

மூன்றாவது இழுப்பு. கயிறு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சாளை, பாறை, சீலா எல்லாம் கூவியாயிற்று. என் கை தோல் உரிந்து எரிந்தது. கடலில் இருக்கிற மீனெல்லாம் தீர்ந்துபோன பதற்றத்தில் சார், "திமிங்கலம்!" என்று அலறினார். அவர் செய்த பெரிய தப்பு அது. திமிங்கலம் சிக்கினால் வலை போச்சு. யாராவது அதைக் கரைக்கு இழுப்பார்களா? பழகிய ஏழு பேர் கையும் தன்னால் தளர்ந்தது. சரசரவென்று முன்னால் சறுக்கினோம். கோட்டுக்கு ஒரு சாண்தான் பாக்கி.

சார் தலையில் கை வைத்தார். முன்வரிசையைப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"கணக்குலே! நாலு மணிக்குக் கணக்கு! ஃபாதர் கணக்கு!"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? அந்த எட்டுப் பேருக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ தெரியாது. பல்லைக் கடித்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில் இழுத்தோம். நான் கண்ணைத் திறந்தபோது எதிரணி முழுதும் எங்கள் பக்கம் கிடந்தது. மைதானமே ஆர்ப்பரித்தது. மிக்கேல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். ஜெயிப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை.

ஃபாதர் மெதுவாக நடந்து வந்தார். "கணக்குன்னா நம்ம பயலுவளுக்கு அவ்வளவு பயமா சார்?"

"பயம்னு ஏன் சொல்லுதிய ஃபாதர்? கணக்கோட சக்தியைப் பாருங்க. திமிங்கலத்தாலயே முடியல."

ஃபாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நாலு மணிக்கு விசில் ஊதியது. வழக்கத்தைவிட நீளமாக ஊதியது.

கப்போடு படம் எடுக்க ஸ்டூடியோக்காரர் வந்தார். நடுவில் சாருக்கு நாற்காலி போட்டிருந்தது. "யாரும் அசையாதீங்க" என்று அவர் சொன்ன நொடியில், மிக்கேல் சட்டைப் பொத்தான் திறந்திருப்பதைச் சார் பார்த்துவிட்டார்.

அந்தப் படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எட்டுப் பையன்கள், ஒரு கப்பு, ஒரு காலி நாற்காலி, மிக்கேல் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். வருகிறவர்கள், "படம் கெட்டுப் போச்சே" என்கிறார்கள். நாங்கள் எட்டுப் பேரும் அதில் யார் யாரோ மாதிரிதான் விறைத்துக்கொண்டு நிற்கிறோம். அச்சு அசலாக விழுந்திருப்பது எங்கள் சார் ஒருவர்தான்.